விண்டோஸ், மேக், லினக்ஸ்: மறைந்திருக்கும் வசதிகளில் எது கைகொடுக்கும்?

மூன்று சிஸ்டத்திலும் மறைந்திருக்கும் வசதிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பட்டியல் போட்டுச் சொல்லப்படும் தந்திரங்களில் பாதிக்கு மேல், ஒருமுறை செய்து பார்த்து "அட!" சொல்லிவிட்டு மறந்துபோகிற ரகம். மறுவாரமும் கை தானாக எந்தக் கீக்குப் போகிறது என்று பார்த்தால்தான் எது தேறும் என்பது தெரியும். அந்தக் கணக்கில் காப்பி-பேஸ்ட்டுக்கு விண்டோஸ், ஃபைல்களைப் புரட்ட மேக், கம்ப்யூட்டர் உறைந்து நிற்கும் நேரத்துக்கு லினக்ஸ் என்பது என் கட்சி.

ஒளித்து வைப்பதிலேயே மூன்றுக்கும் குணம் வேறு. விண்டோஸில் முக்கால்வாசி வசதிகள் விண்டோஸ் கீயோடு இன்னொரு கீயைச் சேர்த்தால் வந்து நிற்கும். மேக்கில் எல்லாம் ஆப்ஷன் கீயின் உபயம். வைஃபை ஐகானைச் சும்மா தட்டினால் நெட்வொர்க் பெயர்கள் மட்டும் தெரியும்; ஆப்ஷனை அழுத்திக்கொண்டு தட்டினால் சேனல், சிக்னல் அளவு, ரூட்டரின் முகவரி வரை கொட்டும். லினக்ஸ் எதையும் ஒளிப்பதில்லை. எல்லாம் 'மேன்' பக்கங்கள் என்ற கையேட்டில் எழுதித்தான் இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

காப்பி-பேஸ்ட்

விண்டோஸ் கீயோடு 'வி' அழுத்துங்கள். முதல் தடவை "ஆன் செய்யவா?" என்று கேட்கும். அதன்பின் நீங்கள் காப்பி செய்த கடைசி 25 விஷயங்கள், படங்கள் உட்பட, வரிசையாக நிற்கும். வேண்டியதைத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும். 2018 அக்டோபர் அப்டேட்டில் வந்த வசதி, விண்டோஸ் 10-லேயே உண்டு. ரீஸ்டார்ட் செய்தால் பட்டியல் காலியாகிவிடும். 'பின்' (pin) போட்டு வைத்தவை மட்டும் தங்கும். முகவரி, வங்கிக் கணக்கு எண் மாதிரி அடிக்கடி ஒட்டுபவற்றைப் பின் போட்டுவிட்டால் பிறகு தேடவே வேண்டாம். ஒரே உறுத்தல்: நோட்பேடிலிருந்து காப்பி செய்த பாஸ்வேர்டும் அந்தப் பட்டியலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் இதை ஆன் செய்யாமலிருப்பதே உத்தமம்.

ஆப்பிளுக்கு இது உறைக்க வெகுகாலம் பிடித்தது. 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில்தான் ஸ்பாட்லைட் என்ற தேடல் பெட்டிக்குள் கிளிப்போர்டு (காப்பி செய்தவை தங்கும் இடம்) வரலாறு எட்டிப்பார்த்தது. அதற்கு முன்பே மேக்கில் பலரும் கண்டுகொள்ளாத இரண்டாவது கிளிப்போர்டு ஒன்று உண்டு. கண்ட்ரோலும் 'கே'யும் அழுத்தினால் கர்சரிலிருந்து பத்தி முடியும்வரை வெட்டி எடுத்துக்கொள்ளும். கண்ட்ரோலும் 'ஒய்'யும் அழுத்தினால் அதைத் திரும்பப் போடும். ஏற்கெனவே காப்பி செய்து வைத்திருப்பதை இது தொடாது. பழைய ஈமாக்ஸ் எடிட்டரின் வழிவந்த பழக்கம் இது. எழுதும்போது பத்திகளை இடம் மாற்ற அருமையாக இருக்கும், ஆனால் எல்லா ஆப்களும் இதற்குக் கட்டுப்படாது.

லினக்ஸிலும் இரண்டு. எழுத்துகளை மவுஸால் தேர்ந்தெடுத்தாலே போதும், காப்பி ஆகிவிடும். வேறிடத்தில் மவுஸின் நடுப் பட்டனை அழுத்தினால் ஒட்டும். கண்ட்ரோல்-சி செய்தது தனியாக இருக்கும். பழகியவர்களுக்கு மற்ற சிஸ்டங்களில் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு லிங்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு பிரவுசருக்குப் போகிறீர்கள். அங்கே இருக்கும் பழைய முகவரியை அழிக்க அதைத் தேர்ந்தெடுத்த நொடியே, நீங்கள் எடுத்து வந்த லிங்க் போச்சு! லினக்ஸின் டெஸ்க்டாப் வகைகளில் ஒன்றான கேடிஇ என்றால், அதிலுள்ள கிளிப்பர் என்ற கருவி காப்பி வரலாற்றைச் சேமித்து வைத்திருக்கும். இன்னொரு வகையான க்னோம் என்றால் எக்ஸ்டென்ஷன் ஒன்றைத் தேடிப் போடவேண்டும்.

ஸ்கிரீன்ஷாட்

இதில் மூன்றும் ஏறக்குறைய சமமாகிவிட்டன. விண்டோஸில் விண்டோஸ்-ஷிஃப்ட்-எஸ் போதும். க்னோம் 2022-ல் வந்த 42-ம் பதிப்பிலிருந்து பிரிண்ட் ஸ்கிரீன் கீயிலேயே திரைப்பதிவையும் சேர்த்துவிட்டது. நுணுக்கத்தில் மட்டும் மேக் ஒரு படி மேலே. கமாண்ட்-ஷிஃப்ட்-4 அழுத்தி ஒரு கட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஆரம்பித்த இடம் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. மவுஸை விடாமல் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் கட்டம் அப்படியே நகரும், அளவு மாறாது. இழுப்பதற்கு முன்பே ஸ்பேஸ் தட்டினால் கர்சர் கேமராவாகி, முழு விண்டோவையும் நிழலோடு எடுக்கும். நிழல் வேண்டாமென்றால் ஆப்ஷனைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்யுங்கள்.

ஃபைல்கள்

மேக்கில் ஃபைல்களைப் பார்க்கும் ஃபைண்டரில் எந்த ஃபைலையும் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால், ஆப் எதையும் திறக்காமலே உள்ளே இருப்பது தெரியும். 2007-ல் வந்த லெப்பர்டிலிருந்தே இருக்கும் குயிக் லுக் இது. நூறு படங்களில் ஒன்றைத் தேடும்போது அம்புக் கீயால் நகர்ந்துகொண்டே போகலாம். விண்டோஸில் இதற்கு இணையாக ஒன்று வேண்டுமென்றால், மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸைத் தனியாக நிறுவி அதிலுள்ள பீக்கைப் பயன்படுத்த வேண்டும். தினசரி வேலைக்கான வசதியைத் தனி மென்பொருளாகத் தள்ளிவைப்பதில் என்ன நியாயமோ!

விண்டோஸிலிருந்து மேக்குக்கு வருபவர்கள் தடுக்கி விழும் இடமும் ஃபைண்டர்தான். கமாண்ட்-எக்ஸ் அடித்தால் ஃபைல் வெட்டுப்படாது. கமாண்ட்-சி செய்துவிட்டு, சேரவேண்டிய இடத்தில் ஆப்ஷன்-கமாண்ட்-வி அடித்தால்தான் நகரும். வெட்டுவதா, காப்பியா என்ற முடிவை ஒட்டும்போது எடுத்தால் போதும் என்பதால், யோசித்தால் இதுதான் புத்திசாலித்தனம். ஆனாலும் விரல் கேட்பதில்லை.

விண்டோஸ் தரப்பிலும் சரக்கு இல்லாமலில்லை. ஒரு ஃபைலுக்குப் பெயர் மாற்றும்போது என்டருக்குப் பதில் டேப் அடித்தால், அடுத்த ஃபைலின் பெயர் மாற்றத்துக்குத் தயாராக நிற்கும். எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் 'சிஎம்டி' என்று தட்டி என்டர் அடித்தால், அந்த ஃபோல்டரிலேயே கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். அடிக்கடி பேசப்படும் 'காட் மோட்' ஃபோல்டரை மட்டும் நான் பொருட்படுத்துவதில்லை. பெயருக்குத்தான் கடவுள், உள்ளே இருப்பது கண்ட்ரோல் பேனல் அமைப்புகளின் நீண்ட பட்டியல். செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் தட்டினாலே அவற்றில் பெரும்பாலானவை கிடைத்துவிடும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) 'ஆப்ட் மூ' என்று அடித்தால் ஒரு மாடு வந்து "இன்று மூ சொன்னாயா?" என்று கேட்கும். அதுவாவது உபயோகம் என்று எதையும் சொல்லிக்கொள்வதில்லை.

உறைந்துபோனால்

விண்டோஸில் திரை மட்டும் கறுத்தோ உறைந்தோ நின்றால், விண்டோஸ்-கண்ட்ரோல்-ஷிஃப்ட்-பி அழுத்திப் பாருங்கள். ஒரு பீப் சத்தத்தோடு கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகக் கிளம்பும், திறந்திருக்கும் வேலை போகாது. அதற்கும் மசியாவிட்டால், கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் திரையில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு பவர் பட்டனைக் கிளிக் செய்தால் அவசர ரீஸ்டார்ட் கேட்கும். அதில் சேமிக்காதது எல்லாம் போய்விடும். மேக்கில் கமாண்ட்-ஆப்ஷன்-எஸ்கேப் அடித்து முரண்டு பிடிக்கும் ஆப்பை மூடலாம். அதைத் தாண்டினால் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் வழி.

லினக்ஸ் இங்கேதான் தனித்து நிற்கிறது. டெஸ்க்டாப் உறைந்தாலும் கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தினால் பெரும்பாலும் தனியாக ஒரு கறுப்புத் திரை கிடைக்கும். லாகின் செய்து, குற்றவாளி புரோகிராமை மட்டும் கொன்றுவிட்டுத் திரும்பலாம். அதுவும் வராவிட்டால் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் சில நொடி இடைவெளி விட்டுத் தட்டவேண்டும். எஸ் டிஸ்க்கில் எழுதாமல் நிற்பதை எழுதிவிடும், யு டிஸ்க்கை எழுத முடியாதபடி மாற்றும், பி ரீபூட் செய்யும். சிஸ்டத்தின் அடிமையமான கர்னல் நேரடியாகக் கேட்டுக்கொள்ளும் கட்டளைகள் இவை. முன்னால் ஆர், இ, ஐ சேர்த்து ஆறெழுத்தாக மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் உண்டு. உபுண்டு அந்த முதல் மூன்றையும் ஆரம்பத்திலேயே முடக்கி வைத்திருக்கிறது, கடைசி மூன்றுக்குத் தடையில்லை. பல லேப்டாப்களில் சிஸ்ஆர்க்யூ என்று தனிக் கீ இருக்காது, பிரிண்ட் ஸ்கிரீன் கீயே அந்த வேலையைச் செய்யும். சிலவற்றில் எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்கவேண்டியிருக்கும், எனவே கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே ஒருமுறை தேடி வைத்துக்கொள்ளுங்கள்.