துணிக்கூரைக்குக் காப்பு: தெளிப்பதா, பூசுவதா?

காரின் மடக்கும் துணிக்கூரையைக் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகு ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் இந்த வருடம் காப்புத் திரவம் எதுவும் வாங்க வேண்டாம். நின்ற இடத்திலேயே ஊறித் துணி கறுத்துப்போனால்தான் கடைக்குப் போக வேண்டும். கழுவாமல் ஊற்றிப் பார்ப்பதில் பயனில்லை, அழுக்கே தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

என்னிடம் இருப்பது 2007-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, கறுப்புத் துணிக்கூரை. லண்டனில் தெருவோரம் ஒரு லிண்டன் மரத்தடியில் நிற்கிறது. கோடையில் இலைகளில் இருக்கும் அசுவினிப் பூச்சிகள் பிசுபிசுவென்று தேன்போல ஒன்றைச் சொட்டும். குளிர்காலத்தில் தையல் ஓரமாகப் பச்சைப் பாசி படரும்.

துணிக்கூரை என்று சொன்னாலும் அது ஒற்றைத் துணி இல்லை. மேலே அக்ரிலிக் நெசவு, நடுவே ரப்பர், அடியில் பருத்தி அல்லது பாலியெஸ்டர் என்று மூன்று அடுக்கு. இங்கே பலரும் இதை மொஹேர் என்பார்கள், ஆனால் இன்றைய கூரைகளில் ஆட்டு உரோமம் கிடையாது. மழையை உள்ளே விடாமல் தடுப்பது அந்த நடு ரப்பர்தான். அப்படியானால் மேலே போடும் நீர்க்காப்பு எதற்கு? நெசவு ஊறாமல் இருக்கத்தான். ஊறிய துணியில்தான் பாசியும் பூசணமும் பிடிக்கும். வண்டிக்குள் ஒழுகுகிறது என்று காப்புத் திரவம் வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர் விளிம்போ, பிரிந்த தையலோ, அடைத்த வடிகாலோதான்.

முதலில் கழுவுவது. ஈரமாக்கும் முன் மென்மையான பிரஷால் தட்டி, வேக்யூமால் உறிஞ்சிவிடுங்கள். பாசி காய்ந்திருக்கும்போது உதிரும், நனைந்தால் நெசவுக்குள் அப்பிக்கொள்ளும். வழக்கமான தூசிக்கு மெழுகு கலக்காத கார் ஷாம்பூ போதும். பாசிக்கும் பறவை எச்சத்துக்கும் துணிக்கூரைக்கென்றே விற்கும் கிளீனர் வேண்டும். தெளித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நெசவின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். எதைப் போட்டாலும் நுரை நிற்கும்வரை அலசுங்கள். துணியில் தங்கும் சோப்பு, அடுத்து வரும் காப்பை ஒட்டவிடாது. பிளீச் பக்கம் போகவே கூடாது, தையல் நூலைத் தின்றுவிடும். பிரஷர் வாஷரும் வேண்டாம். ஒருமுறை ஒரு கார் கழுவும் இடத்தில் பையன் குழாய் முனையைப் பின்கண்ணாடி ஓரத் தையலுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தான். நான் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் விரல் நீளத்துக்கு நூல் பிசிறிவிட்டது.

சரி, காப்புக்கு வருவோம். தெளிப்பு வகையில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் 303 ஃபேப்ரிக் கார்டு. கரைப்பான் கலந்த திரவம். துணியின் நிறத்தையோ தொடும்போது தெரியும் மென்மையையோ மாற்றாது, தண்ணீர் உருளும் அழகு கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் துணி எலும்புவரை காய்ந்திருக்க வேண்டும், வெப்பநிலை 21 டிகிரிக்குக் குறையக் கூடாது, அடித்த பிறகு பல மணி நேரம் மழை படக் கூடாது. டெக்சாஸில் இது ஒரு சனிக்கிழமை வேலை. லண்டனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றில் பறக்கும் துளி கண்ணாடியிலும் பெயிண்டிலும் விழுந்து காய்ந்தால் எடுப்பது பெரும்பாடு. அதனால் வண்டி முழுவதையும் பிளாஸ்டிக் விரிப்பால் மூட வேண்டும். அந்த ஒட்டும் வேலைக்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

இன்னொரு பக்கம், இங்கிலாந்தின் ரெனோவோ போலப் பிரஷால் பூசும் வகை. தெருவோரத்தில் நிறுத்துபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பறக்காது, பக்கத்து வண்டியில் படாது. சொட்டினால் ஈரத்துணியால் உடனே துடைத்துவிடலாம். தையல் மடிப்புக்குள் பிரஷ் நுனியை நுழைத்துத் தேய்க்கலாம். தண்ணீர் முதலில் நுழையும் இடம் அதுதான், தெளிப்பான் அங்கே சரியாகப் போய்ச் சேராது. குறை என்றால் நேரம். சீராகப் பூசாவிட்டால் திட்டுத்திட்டாகத் தெரியும். இதற்கும் காய்ந்த துணியும் காய்ந்த நாளும் வேண்டும், ஆனால் கொளுத்தும் வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வெளுத்துச் சாம்பலாகிவிட்ட கூரைக்கு ரிவைவர் என்ற சாயம் உண்டு. என் வண்டிக்குப் பூசினேன், கறுப்பு புதிதுபோல வந்தது. ஆனால் சாயம் நீர்க்காப்பு ஆகாது, அது காய்ந்த பிறகு மேலே காப்பும் போட வேண்டும். நெசவு தேய்ந்து ரப்பர் தெரிகிற கூரைக்குச் சாயமும் உதவாது, கூரையையே மாற்றுவதுதான் வழி.

1989-இல் வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றில் வந்தது வைனில் கூரை. அதற்கு 303-இலேயே வேறொரு திரவம் உண்டு, அதைத் துணியில் போடக் கூடாது. பின்ஜன்னலும் பிளாஸ்டிக் என்பதால், கூரையை மடக்கும் முன் ஜிப்பைத் திறந்து படுக்கவைத்தால் மடிப்புக் கோடு விழாது.

எந்த வகையானாலும் ஈரக் கூரையை மடக்கி வைக்காதீர்கள். அப்புறம், இருக்கைகளுக்குப் பின்னால், சீட்பெல்ட் வெளியே வரும் உயர்ந்த பாகங்களை ஒட்டி இருக்கும் வடிகால் துளைகளில் இலைச் சக்கை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அடைத்தால் தண்ணீர் அங்கேயே தேங்கிக் கதவுக்கு அடியில் இருக்கும் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். வளையும் பிளாஸ்டிக் குச்சியால் மெல்லக் கிளறி, அரைக் குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடிகளில் அது வண்டிக்கு அடியில் தரையில் சொட்ட வேண்டும்.