அவிநாசியில் தைத்து வாங்கிய கில்ட்: தினமும் உடுத்தத் தாங்குமா?

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பைச் சுற்றி உடுத்துகிற, பின்பக்கம் மடிப்பு வைத்த முட்டியளவு உடுப்பு. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: தாராளமாகத் தைத்து வாங்கலாம். வெயில் காலத்தில் நின்றுகொண்டே வேலை செய்கிற ஆண்களுக்குப் பேண்டை விட இது நல்ல உடுப்பு. அளவு கொடுக்கும்போது மட்டும் நீளத்தை நன்றாக யோசித்துக் கொடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். அயர்னிங் டேபிளுக்கும் எங்கள் டேபிளுக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் நீராவியும் தகரக் கூரையும் சேர்ந்துகொண்டால் ஜீன்ஸுக்குள் கால் வெந்துபோகும். தொடையிடுக்கு அரிப்புக்குப் பவுடர் வாங்காத ஆம்பளை எங்கள் ஃப்ளோரில் குறைவு. வீட்டுக்குப் போனதும் எல்லோரும் லுங்கிக்கு மாறுகிறோம். அந்த நிம்மதி வேலை நேரத்தில் மட்டும் ஏன் கூடாது?

லுங்கியையே கட்டிக்கொண்டு வரலாம்தான். ஆனால் குனிந்து நிமிர்ந்து அட்டைப்பெட்டி தூக்குகிற வேலையில் முடிச்சை இழுத்து இழுத்துச் செருகவே நேரம் போய்விடும். கத்திரி, டேப், போன், வண்டிச் சாவி எதற்கும் இடமில்லை. ஒட்டிக் கட்டுகிற வேட்டி முடிச்சுக் கவலையைத் தீர்த்தாலும், கணுக்கால் வரை தொங்குகிற வெள்ளைத் துணியோடு சாயம் போகிற பீஸ்களை நாள் முழுக்கப் புரட்ட முடியாது. அதனால்தான் கில்ட்.

தைத்தவர் அவிநாசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன். கடைக்குப் பெயர்ப் பலகை கூடக் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் பாவாடைக்கு ப்ளீட், அதாவது மடிப்பு, எடுத்து எடுத்துப் பழகிய கை. போனில் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். "முன்னாடி ப்ளீட்டே இல்லீங்களே தம்பி, எல்லாம் பின்னாடிதானுங்க இருக்குது" என்றார். சிரிக்கவில்லை, யாருக்கு என்று கேட்கவும் இல்லை. டேப்பை எடுத்துவிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே கடை பிடித்துவிட்டது.

அவர் கண்டுகொண்டதுதான் கில்ட்டின் சூட்சுமம். முன்பக்கம் மடிப்பில்லாமல் பலகை மாதிரி இரண்டு அகலத் துணி ஒன்றின்மேல் ஒன்று வரும். மேல்பலகை வலது இடுப்பில் மாட்டும். பின்பக்கம் முழுக்க மடிப்பு. இடுப்பிலிருந்து பிட்டம் வரை அந்த மடிப்புகளைத் தைத்து அமுக்கியிருக்கும், அதற்குக் கீழே விட்டிருக்கும். உட்கார்ந்தால் முன்னால் இரட்டைத் துணி தொடையோடு படிந்து கிடக்கிறது. நடந்தால் பின்னால் விரிந்து கொடுக்கிறது, காற்றும் உள்ளே போய் வருகிறது. மடிப்பின் கனமே துணியைக் கீழே இழுத்துப் பிடிப்பதால் சின்னக் காற்றுக்கெல்லாம் தூக்காது.

துணி, பேண்டுக்கான பருத்தி ட்ரில், 240 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 240 கிராம்), அடர் சாம்பல். லுங்கித் துணியில் தைத்தால் கட்டம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் மடிப்பு நிற்காது என்று அண்ணன் சொல்லிவிட்டார். 58 இஞ்ச் அகலத்தில் இரண்டரை மீட்டர் எடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து இணைத்து ஐந்து மீட்டர் ஆக்கினார். பின்னால் 18 ப்ளீட். வெளியே ஒரு இஞ்ச் தெரிகிற ஒவ்வொரு மடிப்புக்கும் உள்ளே ஏழு இஞ்ச் துணி போயிருக்கிறது. மொத்த எடை 900 கிராமுக்குப் பக்கம். கையில் எடுத்தால் கனம் தெரியும். உடுத்தினால் இடுப்பு முழுவதும் பரவிவிடுவதால் தெரியாது.

தொழில் புத்தி விடுமா, வாங்கியதும் உள்ளே புரட்டிப் பார்த்தேன். தையல் இஞ்சுக்குப் பத்து, ஒரே சீர். இடுப்புப் பட்டைக்குள் கேன்வாஸ் வைத்திருக்கிறார், சுருளவில்லை. ஹூக் இரண்டு வைத்து மேலே பெல்ட் லூப். பாக்கெட்டை முன்பலகையில் வைத்தால் போன் கனத்தில் பலகை தொங்கிவிடும் என்று சொல்லி, ப்ளீட் ஆரம்பிக்கிற பக்கவாட்டில் மூடி வைத்துத் தைத்தார். மூலைகள் பிரியாமல் இருக்க பார்டாக் என்கிற நெருக்கத் தையல் அடித்திருக்கிறார். குறை என்று பார்த்தால், உள்மடிப்பு ஓரங்களில் பிசிறு வராமல் அடிக்கிற ஓவர்லாக் தையல் இல்லை. இரண்டாவது சலவையில் பிசிறு கிளம்பியது. கொண்டுபோய்க் கொடுத்தேன், காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தார். நீங்கள் முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

துணி 450 ரூபாய், கூலி 650.

ஃப்ளோரில் முதல் வாரம் பேச்சுதான். "பாவாடை" என்று பின்னாலிருந்து கத்தினவர்களும் உண்டு. பிசிறு வெட்டுகிற கைமடி அக்கா ஒருத்தர் சொன்னதுதான் மனதில் நிற்கிறது: "நாங்க நைட்டியோட கடைத்தெருவுக்கு வந்தப்பவும் இப்படித்தான் பேசுனாங்கொ தம்பி. கொஞ்ச நாளைக்குப் பேசுவாங்கொ, அப்புறம் அவங்கவங்க வேலையப் பார்ப்பாங்கொ." அப்படியேதான் ஆனது. இப்போது அயர்னிங் பையன்கள் இரண்டு பேர் விலை விசாரிக்கிறார்கள்.

வண்டியில் போக உள்ளே முட்டி வரைக்கும் ஒரு பனியன் துணி டவுசர் போட்டுக்கொள்ளுங்கள். முன்பலகையைத் தொடைக்குக் கீழே செருகி உட்கார்ந்தால் பல்லடம் ரோட்டுக் காற்றுக்கும் பயமில்லை. பின்னால் உட்காருகிறவர்கள் வெறும் கெண்டைக்காலில் சைலன்சர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தறிக்குடோனுக்கு மட்டும் இதைப் போட்டுக்கொண்டு போகவே போகாதீர்கள். பெல்ட்டும் ஷாஃப்ட்டும் ஓடுகிற இடத்தில் விரிந்த துணி ஆபத்து. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இனி நீளம். முதலில் தைத்தது 24 இஞ்ச், முட்டியோடு நிற்கும். ஸ்காட்லாந்து அளவு அதுதான். அதோடு ஊருக்குப் போனேன். அப்பாரு திண்ணையில் உட்கார்ந்தபடி மேலும் கீழும் பார்த்தார். பாவாடை என்றோ பொம்பளை உடுப்பு என்றோ அவர் சொல்லவில்லை. "பெரியவங்க எதுக்க வந்தா இறக்கி உடறதுக்கு இதுல என்னடா இருக்குது?" என்றுதான் கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. நம் ஊரில் வேட்டியை மடித்துக் கட்டினால் அது வேலைக்கோலம். மாமனோ வாத்தியாரோ எதிரே வந்தால் கை தானாக மடிப்பை அவிழ்த்துக் கீழே விடும். வாயைத் திறக்காமல் மரியாதை சொல்லுகிற வழி அது. முட்டியளவு கில்ட் எப்போதும் மடித்துக் கட்டிய கோலத்திலேயே இருக்கிறது, இறக்க வழியில்லை. எழவு வீட்டுக்கும் சீருக்கும் அதைப் போட்டுக்கொண்டு போக எனக்கே மனம் வராது.

அவிநாசி அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவருக்கு உடனே விளங்கியது. 32 இஞ்சில் ஒன்று தைத்தோம், கெண்டைக்காலுக்குக் கீழே வரைக்கும். இதற்குத் துணியைப் பிளக்க முடியாது. மூன்றரை மீட்டர் வாங்கி, ப்ளீட்டைப் பத்தாகக் குறைத்தார். மிச்சம் விழுந்த துண்டில் இரண்டு பை தைத்துக் கொடுத்தார். துணி 630, கூலி அதே. அப்பாரு தடவிப் பார்த்து, "இது செரி" என்றார். ஃபிஜித் தீவில் போலீஸ்காரர்களின் விழாச் சீருடையே முட்டிக்குக் கீழே வருகிற சுலுதான்; சுலு என்பது அந்த ஊர் ஆண்கள் இடுப்பைச் சுற்றி உடுத்துகிற உடுப்பு. அங்கே அலுவலகம் போகிறவர்கள் உடுத்துகிற சுலுவில் பாக்கெட்டும் உண்டு.

எல்லா வாசலிலும் விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். சாம்பிள் கொடுக்கப் போன ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி பேண்ட் கேட்டுத் திருப்பி அனுப்பினார். 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழக சட்டசபை, வேட்டிக்கும் மற்ற இந்திய மரபு உடைகளுக்கும் பொது இடங்களில் தடை கூடாது என்று சட்டம் போட்டது. கில்ட் அதில் வராது. ஸ்காட்லாந்துக்காரர்களும் சும்மா பெற்ற உரிமை இல்லை இது. 1746-இல் பிரிட்டிஷ் அரசு மலைநாட்டு ஆண்கள் கில்ட் உடுத்தத் தடை போட்டது. முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் சிறை, மறுபடி பிடிபட்டால் 7 ஆண்டு நாடுகடத்தல். 1782-இல்தான் எடுத்தார்கள். ஓர் ஆண் இடுப்பில் என்ன உடுத்துகிறான் என்பதற்கு இத்தனை காவல் தேவையில்லை என்பது என் எண்ணம்.

பராமரிப்பு கொஞ்சம் வேலைதான். துவைப்பதற்கு முன் ப்ளீட்டின் அடி ஓரத்தில் நீளமாக ஓர் ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள், காய்ந்து அயர்ன் பண்ணின பிறகு நூலை உருவிவிடலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு மடிப்பாக உட்கார்ந்து தேட வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் மடிப்புக்குள் ஈரம் நிற்கும். காய ஒரு நாளுக்கு மேல் ஆகும், ஆகவே மாற்றுக்கு ஒன்று வேண்டும்.

ஜூன் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் யூனிஃபார்ம் வேலை மலையாகக் கிடப்பதால் அண்ணன் வேறு எதையும் தொடமாட்டார். ஜூலைக்குப் பிறகு போங்கள், துணியை நனைத்துக் காயவைத்து எடுத்துப்போங்கள், உங்கள் பெல்ட்டையும் கொண்டுபோய் லூப் அகலத்துக்குக் காட்டுங்கள்.