மழை விட்ட பிறகும் டி.வி. வரவில்லையா? மாடியில் டிஷ் வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவம்

எங்கள் வீடு கடலூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். 2011 டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயல் பழைய டிஷ்ஷைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. அதற்கப்புறம் மாட்டிய டி.டி.எச். இணைப்புதான் இன்றுவரை ஓடுகிறது. மொத்தத்தில் எனக்குத் திருப்திதான், ஆனால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, சத்தம் வெட்டி வெட்டி வந்து, கடைசியில் ‘சிக்னல் இல்லை’ என்று திரை நின்றுபோகும் தொல்லை பல வருஷமாகக் கூடவே இருந்தது. ஒரேயடியாகப் போய்த் தொலைந்தால் கண்டுபிடிப்பது சுலபம். விட்டுவிட்டு வருவதுதான் ஆளைப் படுத்தும். சர்வீஸ் ஆள் வந்து நிற்கும்போது படம் பளிச்சென்று ஓடும், விசிட் சார்ஜ் கொடுத்து அனுப்பிய அன்று ராத்திரியே மறுபடி போய்விடும்.

அதனால் ஆளைக் கூப்பிடுவதற்கு முன் எந்த நேரத்தில், எந்தெந்த சேனல் போகிறது என்று சில நாள் பார்த்துக் குறித்துவையுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கொட்டுகிற மழையில் படம் போனால் அது கோளாறே இல்லை. டி.டி.எச். சிக்னல் 11 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டிய ‘கு பேண்ட்’ என்ற அலைவரிசையில் வருகிறது, கனமழை அதை உறிஞ்சிவிடும், மழை குறைந்ததும் தானாக வந்துவிடும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் பகலில் சில நிமிஷம் போவதும் அப்படித்தான், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. இதற்கெல்லாம் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக் கதை வேறு. மழை நின்று வானம் வெளுத்த பிறகும் படம் வராது, மறுநாள் வெயில் ஏறியதும் எதுவுமே நடக்காதது போல வரும். அதிலும் எல்லா சேனலும் போகாது, பாதிதான் போகும். இந்தப் பாதிதான் முக்கியமான தடயம். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு, சிக்னலை வாங்கி வயரில் அனுப்பும் எல்.என்.பி.க்கு செட்டாப் பாக்ஸ்தான் அதே வயர் வழியாக மின்சாரம் அனுப்புகிறது. சேனல்கள் செங்குத்து, கிடைமட்டம் என்று இரண்டு வகை அலையில் வரும். செங்குத்து அலையில் வரும் சேனல்களுக்கு 13 வோல்ட், கிடைமட்டத்துக்கு 18 வோல்ட். வயரிலோ கனெக்டரிலோ கோளாறு இருந்து வழியில் வோல்ட் இறங்கிவிட்டால், 18 போய்ச் சேராமல் எல்.என்.பி. அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும். கிடைமட்ட சேனல்கள் மொத்தமாகக் காணாமல் போகும், மற்றவை நன்றாக ஓடும். டிஷ் திரும்பியிருந்தால் இப்படி ஒழுங்காகப் பிரிந்து போகாது.

வந்தவர்களில் பெரும்பாலோர் டிஷ்ஷைத்தான் திருப்பினார்கள். ஒருவர் மட்டும் எல்.என்.பி.க்குக் கீழே, வயர் நுனியில் திருகி மாட்டியிருந்த எஃப் கனெக்டரைக் கழற்றி வயரை நீளவாக்கில் கீறிக் காட்டினார். உள்ளே அலுமினியப் பின்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஈரமான வெள்ளை மாவு. நடுக்கம்பியின் செம்புப் பூச்சு கறுத்து, அடியில் இரும்பு தெரிந்தது. கனெக்டர் வழியாகப் புகுந்த தண்ணீர், திரியில் எண்ணெய் பரவுவது போல உறைக்குள்ளேயே ஊர்ந்து போயிருக்கிறது. உப்புக் காற்று அடிக்கிற ஊரில் இது சீக்கிரமே நடக்கும். நுனியை மட்டும் வெட்டிப் புது கனெக்டர் போட்டால் அடுத்த மழை வரைதான் தாங்கும், பின்னல் பளபளவென்று தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். எங்களுக்கு மாடியிலிருந்து கீழே வரும் வயரையே மாற்ற வேண்டியிருந்தது. முழுச் செம்பு நடுக்கம்பி உள்ள ஆர்.ஜி.6 ரக வயர் கேட்டு வாங்கினேன், விலை கூடுதல்தான், ஆனால் அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப்பும் வேண்டாம், வெயிலில் பசை உருகிக் கழன்றுவிடும். இழுத்துச் சுற்றினால் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் இருக்கிறது, அதைச் சுற்றுங்கள். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கழற்றி மாட்டும்போது பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், நடுக்கம்பி வெளி உறையில் பட்டால் பாக்ஸுக்கே ஆபத்து.

வயர் மாற்றிய பிறகு வந்தது இரண்டு வடகிழக்குப் பருவமழை, மழை விட்டதும் படமும் வந்துவிடுகிறது.

இன்னொன்று, செட்டிங்ஸில் சிக்னல் பக்கத்தில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடு இருக்கும். ஸ்ட்ரெங்த் நிறைய இருக்கிறது என்று சொல்லிப் போய்விடுபவர்களை நம்பாதீர்கள், எல்.என்.பி.க்கு மின்சாரம் வந்தாலே, டிஷ் வேறு பக்கம் பார்த்தாலும், அந்தக் கோடு ஏறி நிற்கும். படத்தைக் கொண்டுவருவது குவாலிட்டி. நன்றாக ஓடும் நாளில் அதைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் தகராறு வரும் நாளில் ஒப்பிடலாம். காற்றடிக்கும்போது குவாலிட்டி கோடு ஏறி இறங்கினால் கம்பத்தின் போல்ட் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் தென்னை மட்டை குறுக்கே வருகிறது. நம் பக்கத்து டிஷ்கள் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவில்தான் பார்க்கும், அந்தத் திசையில் என்ன வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். உச்சி வெயிலில் மட்டும் போய் சாயங்காலம் வந்தால் எல்.என்.பி. மேல் சந்தேகப்படலாம். அதை மாற்ற டிஷ்ஷை அசைக்க வேண்டியதில்லை, பழையது எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் புதியதை வைக்கச் சொல்லுங்கள்.