அப்பாவின் பட்டாளக் காகிதங்கள்: சென்னையில் எங்கே, என்ன கிடைத்தது

லீவில் ஊருக்கு வந்து, இறந்துபோன அப்பாவின் ராணுவப் பணி விவரத்தைத் தேடலாம் என்றிருப்பவர்கள், எந்த அலுவலகத்துக்கும் ஆட்டோ பிடிக்கும் முன் வீட்டுப் பரணில் ஏறுங்கள். எங்களுக்குக் கிடைத்ததில் முக்கால்வாசி அம்பத்தூரில் தம்பி வீட்டுப் பரணில்தான் இருந்தது.

அப்பா 1971 பாகிஸ்தான் சண்டையில் இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே என்பதில்தான் ஆளுக்கொரு கதை. பெரியப்பா ‘லாகூர் பார்டர்’ என்று சாதிப்பார். அம்மாவுக்குத் தெரிந்தது ‘பாலம் கட்டுற பட்டாளம்’ என்பது மட்டும். அப்பா வாய் திறந்ததே இல்லை. கேட்டால் சப்பாத்தி வேகவில்லை, குளிர் தாங்கவில்லை என்பதோடு முடித்துக்கொள்வார். எங்கள் கணியம்பாடிப் பக்கம் ஏகப்பட்ட வீடுகளில் பட்டாளத்துக்காரர்கள் உண்டு. அதனால் யாரும் தோண்டிக் கேட்கவும் இல்லை.

பரணில் இருந்தது கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளை பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது அந்த நம்பரைத்தான். சிப்பாய்களின் நம்பர்கள் படைப்பிரிவு வாரியாக ஒதுக்கப்பட்டவை. விவரம் தெரிந்தவர் நம்பரைப் பார்த்தே எந்தப் பிரிவு என்று சொல்லிவிடுவார். பிரிவு தெரியாமல் தேடிப் பிரயோஜனமில்லை, ஏனென்றால் காகிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், வண்டி, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ. என்றால் செகந்திராபாத். அப்பா இருந்தது மதராஸ் சாப்பர்ஸ், பாலம், சாலை போடும் பொறியாளர் படை. 1780-ல் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கிய படைதான், ஆனால் அதன் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் பெங்களூரில். சென்னையில் யாரிடம் கேட்டாலும் கையில் கிடைக்காது.

பெட்டிக்குள் டிஸ்சார்ஜ் புக், அதாவது பணி முடிந்து வெளியே வரும்போது ராணுவம் கொடுக்கும் விவரப் புத்தகம், இருந்தது. ஓரமெல்லாம் செல்லரித்து, நடுவில் துருப்பிடித்த குண்டூசி. சேர்ந்த தேதி, தொழில், உடல் அடையாளம், தாலுகா, தபால் ஆபீஸ், கிட்டத்து ரயில் நிலையம் ‘கணியம்பாடி’ வரை எல்லாம் உண்டு. மெடல் பக்கத்தில் இரண்டு வரி: பூர்வி ஸ்டார், சங்கிராம் மெடல். இதில் இரண்டாவதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது, அந்தச் சமயத்தில் சண்டைமுனைக்கு வெளியே பணியில் இருந்தவர்களுக்கும் கொடுத்தார்கள். பூர்வி ஸ்டார் அப்படியில்லை, கிழக்கு முனையில் இருந்தவர்களுக்கானது. மேற்கே இருந்தவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார். ஆக, டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்த அந்தப் போரில் அப்பா இருந்தது வங்காளதேசப் பக்கம். லாகூர் இல்லை.

பெரியப்பா ஒத்துக்கொள்வாரா? “எழுதினவன் மாத்தி எழுதியிருப்பான்” என்றார். நல்லவேளை, அம்மா புடவைக்கு அடியில் ஒரு கட்டுக் கடிதம் வைத்திருந்தார். அந்த வருடக் கடிதங்களில் அனுப்புநர் முகவரி ‘99 ஏ.பி.ஓ.’, அதாவது ராணுவத் தபால் ஆபீஸ் எண். கிழக்கே இருக்கும் படைகளின் தபால் கொல்கத்தா வழியாக 99 என்ற எண்ணில் போகும், டெல்லி வழியாகப் போவது 56. ஒரு கவரைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே ‘நலம், நலமறிய அவா’ தவிர ஒன்றும் இல்லாவிட்டாலும் மேலே விஷயம் இருக்கும்.

டிஸ்சார்ஜ் புக்கின் குடும்பப் பக்கம்தான் எனக்கு ஆச்சரியம். கல்யாணம், பிள்ளை பிறந்தது என்று வீட்டில் நடந்ததை ராணுவம் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்று போட்டுப் பதிவு செய்யும். அப்படி ஏறியிருக்கிறது என் பெயர், பாட்டி வைத்து ஒரு வருடம்கூட நிலைக்காத பெயர்! பிறந்த தேதியும் வேறு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்ட ஜூன் மாதத் தேதிதான் இன்றுவரை என் பாஸ்போர்ட்டில். அம்மா சொல்வது ராணுவக் கணக்கோடு பொருந்துகிறது. ஆக, என் உண்மையான பிறந்தநாள் ராணுவத்துக்குத்தான் தெரிந்திருக்கிறது.

இது சிரிப்பதற்கு மட்டும் இல்லை. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்டினால்தான் நான் வாரிசு. அதற்காகப் பாரிமுனையில், ஹைகோர்ட் எதிரே, முத்திரைத்தாளில் அஃபிடவிட் டைப் அடித்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினேன். வேலை சுருக்காக முடிந்தது. டைப் அடித்தவர் என்னைவிட நன்றாக வாசகம் போட்டார்.

பென்ஷன் போட்ட வங்கிக் கிளையில் மட்டும் வயிறெரிந்தது. பழைய பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) நகல் கேட்டால், கிளை இடம் மாறியபோது பழைய ஃபைல்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. ‘நாளைக்கு வாங்க’ என்றே ஓட்டினார்கள். கடைசியில் ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் அம்மாவின் கணக்கைத் திறந்துதான் பார்த்தோம். ஓ.டி.பி. அம்மாவின் பழைய பட்டன் போனுக்கு வரும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு சார்ஜ் போட்டு வையுங்கள்.

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனது உருப்படியான காரியம். அங்கே இருந்தவரும் முன்னாள் ஹவில்தார். புத்தகத்தைக் கையில் வாங்கியதுமே, “சாப்பரா உங்க அப்பா? உக்காருங்க சார்” என்றார். எனக்குப் புரியாத சுருக்கெழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். எந்த யூனிட்டில், எந்தத் தேதியில், எங்கே என்பதெல்லாம் ‘ஷீட் ரோல்’ என்ற பணிப் பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும், அது பெங்களூரில் என்றார். மனு அம்மா பெயரில் போகட்டும், மனைவி கேட்டால் மரியாதை தனி என்பது அவர் யோசனை. டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் செய்யவே கூடாது என்றும் சொன்னார். ஜெராக்ஸ் கடைக்காரர் ஏற்கெனவே அதற்குத்தான் கையை நீட்டியிருந்தார்.

அப்புறம் ஆர்.டி.ஐ., தகவல் அறியும் உரிமைச் சட்டம். அந்தச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். என்னிடம் இருப்பது கனடா பாஸ்போர்ட், வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை இதற்கு உதவாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதனால் அந்த மனு தம்பி பெயரில், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு.

இரண்டாம் உலகப் போரில் இருந்தவர்களைத் தேடுபவர்களைச் சிலர் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போகச் சொல்வார்கள். அமைதியான, சுத்தமான இடம், போய்ப் பாருங்கள். ஆனால் அது போரில் இறந்தவர்களுக்கானது. உயிரோடு திரும்பியவரின் பெயர் அங்கே இருக்காது. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கம்பெனி காலத்து ராணுவ நடவடிக்கைகள் கிடைக்கும், உங்கள் அப்பா கிடைக்க மாட்டார்.

யூனிட் மட்டும் தெரிந்துவிட்டால் அடுத்தது அதன் போர் நாட்குறிப்பு. பழைய போர் ஆவணங்களைச் சாதாரணமாக 25 வருடத்தில் ரகசியப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021-ல் கொள்கை வகுத்திருக்கிறது. எந்த ஆற்றில் பாலம் போட்டார்கள் என்று கேட்டு அதற்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், யூனிட் பெயருக்கு மட்டும் இடம் விட்டு. அம்மாவின் மனு ஸ்பீட் போஸ்ட்டில் போய்விட்டது. ரிஜிஸ்டர் தபாலையும் இப்போது அதோடுதான் சேர்த்துவிட்டார்கள். பதில் முகவரி அம்பத்தூர். வந்ததும் போட்டோ எடுத்து அனுப்புவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்.