மாட்013: குடல் ஜிவிஹெச்டிக்கு பாக்டீரியா எனிமா, ஒரு ரிவ்யூ

நான் பிஎம்டி, அதாவது எலும்பு மஜ்ஜை மாற்று வார்டு நர்ஸ். ஸ்டெம்செல் ட்ரான்ஸ்பிளான்ட் முடிஞ்சு ரத்த அணுக்களோட கவுன்ட் ஏறி வீட்டுக்காரங்க அப்பாடான்னு உக்கார்ற நேரத்துலதான் சில பேருக்கு குடல் ஜிவிஹெச்டி ஆரம்பிக்கும், அதாவது டோனரோட இம்யூன் செல்லு பேஷன்ட்டோட குடலையே அடிக்கும். பச்சையா தண்ணியா மோஷன் போயிட்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஜக்குல அளந்து சார்ட்ல எழுதுவோம், நாளைக்கு 500 மில்லி தொட்டா ஸ்டேஜ் 1, 1500 தாண்டினா ஸ்டேஜ் 3. மொதல்ல ஸ்டீராய்டு, கேக்கலன்னா ருக்ஸோலிடினிப், அதுக்கும் கேக்கலன்னா கையில பெருசா ஒண்ணும் கிடையாது. அந்த இடத்துக்குன்னே பிரான்ஸ்ல மாட் ஃபார்மா பண்ணிருக்கிறதுதான் மாட்013, பிராண்ட் பேரு ஜெர்விடெக். நான் கையால போட்டதில்ல, வெளிவந்த ரிசல்ட்ட வெச்சு எழுதுறேன்.

உள்ள இருக்கிறது ஆரோக்கியமான டோனர்களோட மலத்துல இருந்து எடுத்த பாக்டீரியா, பல பேரோடத ஒண்ணா சேத்து 150 மில்லி பையில வருது, எனிமாவா குடுக்கணும். எனக்கு ரொம்ப பிடிச்சது இந்த சேக்குற விஷயம்தான், ஒரே டோனர்னா அவர்கிட்ட இருக்கிற வகை மட்டும்தான் கிடைக்கும், இதுல வகை ஜாஸ்தி. காய்ச்சல்னு மெரோபெனம், பிப்டாஸ் மாதிரி ஆன்டிபயாடிக் போட்டுப் போட்டு நல்ல பாக்டீரியாவும் சேந்து செத்துடுது, குடல் சுவருக்கு சாப்பாடா இருக்கிற பியூட்டிரேட்ட தயாரிக்க ஆளில்லாம போகுது, அத திருப்பி நிரப்பறதுதான் ஐடியா. எனிமாங்கறதும் ப்ளஸ்தான், வாயெல்லாம் புண்ணாகி எச்சில் முழுங்கவே அழுவுறவங்களுக்கு கேப்ஸ்யூல் எங்க இறங்கும்?

ரிசல்ட்: ஏரெஸ்ங்கற ஃபேஸ் 3 ட்ரயல்ல 66 பேரு, எல்லாருமே ஸ்டீராய்டு கேக்காம, ருக்ஸோலிடினிப்பும் கேக்காம இல்லன்னா ஒத்துக்காம போனவங்க. 28வது நாள்ல 62 சதவீதம் பேருக்கு குடல்ல ரெஸ்பான்ஸ் வந்திருக்கு, அந்த நிலைமையில இருக்கிறவங்களுக்கு இது பெரிய விஷயம். ஆனா கன்ட்ரோல் குரூப் இல்ல, எல்லாருக்கும் மருந்துதான் குடுத்தாங்க, அதனால 5க்கு 4தான் போடுவேன்.

ஒண்ணு மட்டும் ரொம்ப சீரியஸா சொல்றேன், இதப் படிச்சிட்டு சொந்தக்காரங்க மலத்த வெச்சு யாராவது செஞ்சு குடுப்பாங்களான்னு தேடாதீங்க. 2019ல அமெரிக்காவுல ஒரே டோனரோட மலத்துல இருந்து ரெண்டு பேருக்கு மருந்துக்கு அடங்காத ஈகோலைங்கற பாக்டீரியா ரத்தத்துல ஏறிச்சு, அதுல இறந்துபோனவர் ட்ரான்ஸ்பிளான்ட் பேஷன்ட். எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்புக்கு டோனர் ஸ்கிரீனிங்தான் உயிர், டோனர் டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட வெக்கப்படாம கேளுங்க.

இதே கம்பெனி மாட்033ன்னு கேப்ஸ்யூல் ஒண்ணும் டெஸ்ட் பண்றாங்க, அத ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு இந்த மாதிரி சிக்கலே வராம தடுக்க முடியுமான்னு பாக்குறாங்க. எனக்கு எனிமாவ விட அது மேலதான் ஆசை ஜாஸ்தி.