அலுமினியத்தில் கையால் மரை போட: சாதாரண டேப் செட்டா, ஸ்பைரல் பாயின்ட் டேப்பா?

டேப் என்பது துளைக்குள் மரை வெட்டும் கருவி. 6061-டி6 போன்ற விமான அலுமினியத்தில் தொல்லை தருவது வெட்டும்போது வரும் சீவல்தான். நீளமாகச் சுருண்டு டேப்பின் பள்ளத்தில் அப்பிக்கொண்டு, வெட்டிய மரையையே கிழித்துவிடும். மூன்று டேப் உள்ள சாதாரண செட்டில் அரைச் சுற்றுக்கு ஒருமுறை பின்னுக்குத் திருப்பி அதை முறிக்க வேண்டும். முனையின் பள்ளம் சாய்வாக வெட்டப்பட்ட ஸ்பைரல் பாயின்ட் டேப் சீவலை முன்னால் தள்ளிவிடுகிறது; முறுக்கவும் லேசு. மறுபக்கம் திறந்த துளைக்கு என் ஓட்டு இதற்கே. அடி மூடிய துளையில் மட்டும் வேண்டாம், சீவல் அடியில் நெரிந்து டேப் சிக்கிக்கொள்ளும். அங்கே சாதாரண செட்டின் மூன்றாம் டேப்தான் கிட்டத்தட்ட அடிவரை மரை போடும்.

எதுவானாலும் ஏஎன்3 என்ற விமான போல்ட்டின் 10-32 மரைக்கு (10ஆம் எண் அளவு, அங்குலத்துக்கு 32 மரை) 21ஆம் எண் டிரில், அதாவது சுமார் 4.04 மி.மீ. கட்டிங் ஆயில் தாராளமாக விடுங்கள். அப்புறம், டேப் நேராக நிற்கிறதா என்று முதல் இரண்டு சுற்றிலேயே மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஆழமாக இறங்கியபின் திருத்த வழியில்லை.