போஸ்ட்டாக்: பெங்களூரிலா, வெளிநாட்டிலா?

பெங்களூரின் ஆய்வு நிறுவனங்களான ஐ.ஐ.எஸ்.சி.யிலோ என்.சி.பி.எஸ்.ஸிலோ பிஎச்.டி. முடிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கும் வரும் குழப்பம், அடுத்துச் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணியான போஸ்ட்டாக்கை இங்கேயே செய்வதா, வெளிநாட்டில் செய்வதா என்பது.

வெளிநாட்டின் முதல் லாபம், பிஎச்.டி. வழிகாட்டியைத் தாண்டி உங்களைத் தெரிந்த பரிந்துரையாளர்கள் கிடைப்பது. அடுத்தது வேகம்: பெங்களூரில் இறக்குமதி வேதிப்பொருளுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும், அங்கே பெரும்பாலும் சில நாளில் வந்துவிடும். இந்தியா திரும்பி ஆய்வு செய்ய நம் அரசு தரும் ராமானுஜன் ஃபெல்லோஷிப்பும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கானது. ஊர் திரும்பியபின் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

போஸ்ட்டாக் செய்ய ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு, விண்ணப்பக் கெடு தேதிக்கு முந்தைய 36 மாதத்தில், போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஆகவே முதலில் போய்ச் சேர்ந்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்பது ஆபத்து. வருகை ஆய்வாளர்களுக்கு அமெரிக்கா தரும் ஜே-1 விசாவிலும் சிலருக்கு, முடிந்தபின் 2 ஆண்டு தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை விழும். விசா தாளிலேயே குறித்திருப்பார்கள், படித்துப் பாருங்கள்.

பெங்களூரிலேயே தங்கினால் இங்குள்ள துறைகளோடு தொடர்பு அறாது. களப்பணி, உள்நாட்டு மாதிரிகள் சார்ந்த ஆய்வுக்கு இதுவே மேல். ஆனால் பழைய ஆய்வகத்திலேயே ஒட்டிக்கொள்வது தவறு: கட்டுரை உங்களுடையதா, வழிகாட்டியுடையதா என்று பேராசிரியர் வேலைக்கான தேர்வுக்குழு கேட்கும். ஊருக்குள்ளேயே வேறு ஆய்வகம், வேறு கேள்வி என்று மாறுங்கள்.

போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது திரும்பும் திட்டத்தை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஏதாவதொரு துறையில் கருத்தரங்க உரை நிகழ்த்தும் வாய்ப்பைக் கேட்டு வாங்குங்கள். எந்த ஆய்வுத் திட்டத்தை உங்களோடு எடுத்துவரலாம் என்பதை அங்குள்ள பேராசிரியரிடம் கிளம்புவதற்கு ஓராண்டு முன்பே பேசி, மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.